மேடை கோணல்

புருஷன் கையை வெட்டியவள் என்று பெயர் வாங்க ஒரு பெண் அரிவாள் எடுக்க வேண்டியதில்லை. கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு இருபதடி தள்ளி நின்றாலே போதும். மிச்சத்தை ஊர் பார்த்துக்கொள்ளும்.

அன்று காலை பால் வாங்கப் போன இடத்தில் அது அவள் காதிலேயே விழுந்தது. கடைக்காரி பக்கத்தில் நின்றவளிடம் தாடையால் இவளைக் காட்டி, "இவதான். மருந்தடிக்கிற ட்ரோனை விட்டு வீட்டுக்காரன் கையையே சீவிட்டா. பைலட்டாம்" என்றாள். பைலட் என்பது தெரு வைத்த பெயர். அவள் லைசென்ஸ் வாங்கி வந்தபோது கேலிக்கு வைத்தது. தோட்டக்காரர்கள் வேலையைப் பார்த்துவிட்டு மரியாதையாக 'பைலட்டம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இப்போது அது பழையபடி கேலியாகிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஆனால் அவளுடைய கோபம் ஊர் வாயின் மேல் இல்லை, வீட்டு வாயின் மேல். கடைக்காரிக்கு இந்தச் செய்தி எந்த வாயிலிருந்து போயிற்று என்று அவளுக்குத் தெரியும்.

பெரியவர்தான் சொல்லியிருப்பார். பெரியவர் அவள் கணவனின் அண்ணன். தெருக்கோடியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி என்று இந்த வட்டாரத்தில் பாதி இரும்பு அவர் கைபட்டதுதான். ட்ரோன் அவர் பேரில் வாங்கியது. பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லாம் தம்பி கையில் போட்டிருக்கிற கட்டைப் பற்றி விசாரிப்பார்கள், அவரும் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "என்னத்தச் சொல்ல, பொம்பள கையில கொடுத்தது என் தப்பு" என்று சொல்லி அனுப்புவார். அந்த ஒரு வாக்கியம் நாலு தெரு சுற்றிப் பால்கடைக்கு வந்து சேர எவ்வளவு நேரமாகும்.

நடந்தது இதுதான். கூலிக்கு மருந்தடிக்கப் போன முட்டைக்கோஸ் தோட்டம், புழு விழுந்திருந்தது. கணவன் ட்ரோனின் தொட்டியில் மருந்தைக் கலந்து ஊற்றி, மூடியைத் திருகிவிட்டு விலகி நின்றான். அவள் யந்திரத்தை மேலே எடுத்தாள். ஆறு கை உள்ள பெரிய யந்திரம் அது, தொட்டி நிறைந்தால் ஒரு ஆளால் தூக்க முடியாது. இடுப்பு உயரம் வந்ததும் மூக்கை இடப்பக்கம் திருப்பிற்று. அவள் வலப்பக்கம் கொடுத்தாள். கொஞ்சம் நின்றது, பிறகு தானாகவே சுற்ற ஆரம்பித்தது. சுற்றியபடியே வட்டம் போட்டுக்கொண்டு வரப்பை நோக்கிப் போயிற்று. கணவன் ஓடியிருக்கலாம். ஓடாமல், மிரண்ட மாட்டைத் தடுக்கிறவன் மாதிரி கையை நீட்டினான். அவள் மோட்டாரை அணைத்த அதே நொடியில் இறக்கை அவன் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது.

இரண்டு விரலுக்குப் போகும் நரம்பைத் தைத்திருக்கிறார்கள். மடங்குமா மடங்காதா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் கணவன் அவளைப் பார்த்து, "விடு. நீ என்ன வேணும்னா செஞ்ச" என்றான். அவள் அவன் காலைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். இப்படி ஒரு மனுஷன் வாய்த்ததற்கு என்ன புண்ணியம் செய்தோமோ என்றுகூட நினைத்தாள்.

யந்திரத்தைச் சர்வீஸ் கடைக்குப் பெரியவரே கொண்டுபோனார். உடைந்த இறக்கைகளை மாற்றி, "மெஷின்ல ஒரு குறையும் இல்ல" என்று கொடுத்துவிட்டார்கள். அவள் பால் வாங்கப் போவதற்கு முன்னால், அன்று விடிந்ததுமே, அவர் அதைக் கொண்டுவந்து முற்றத்தில் இறக்கிவைத்துவிட்டுச் சொன்னார்.

"மெஷின்ல குறை இல்லையாம். அப்போ குறை எங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்ல."

"அது தானா திரும்புச்சு மாமா. நான் எதிர்ப்பக்கம் கொடுத்தேன், கேக்கல. கம்பாஸ்லதான் ஏதோ கோளாறு. இல்லன்னா அந்த இடமே சரியில்ல."

"ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்" என்றார் பெரியவர். "இனிமே நீ தொட வேணாம். நாளைக்கு என் மச்சினன் வரான். கல்யாண வீட்டுல கேமரா வச்ச ட்ரோன் பறக்கவிடறவன். அவன் ஓட்டட்டும்."

கணவன் உள்ளே கட்டிலில் இருந்தான். அவனுக்குக் கேட்டிருக்கும். ஒன்றும் சொல்லவில்லை. வலியில் இருக்கிறவனை என்ன கேட்பது என்று அவளும் விட்டுவிட்டாள்.

பாலைக் கொண்டுவந்து அடுப்பில் வைத்தாள். நாளைக்கு ஒருவன் வந்து ரிமோட்டை வாங்கிக்கொண்டு போய்விடுவான். பிறகு ஆயுசு முழுவதும் அவள் கையை வெட்டியவள்தான். கண்டுபிடிப்பதென்றால் இன்றைக்கே கண்டுபிடிக்க வேண்டும், பெரியவர் பட்டறையில் இருக்கும்போதே. பால் பொங்கி வழிந்தது. அடுப்பை அணைத்துவிட்டு ஓரகத்தியைத் தேடிப் போனாள்.

ஓரகத்தி, அதாவது பெரியவரின் மனைவி, பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவளுடைய தம்பிதான் நாளைக்கு வருகிறவன்.

"அக்கா, மெஷினை ஒரு தடவை மேல எடுத்துப் பாக்கணும். கூடப் பிடிக்க ஒரு ஆள் வேணும்."

"உங்க மாமாவுக்குத் தெரிஞ்சா என் தோலை உரிச்சிடுவாரு."

"தெரிஞ்சா நான் சொன்னேன்னு சொல்லுங்க. நாளைக்கு உங்க தம்பி இதே மெஷினைத் தூக்கப் போறான். கோளாறு மெஷின்லயே இருந்தா அடுத்தது யார் கைன்னு நினைக்கறீங்க?"

ஓரகத்தி பிழிந்த சட்டையைக் கொடியில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு வாளியைக் காலால் தள்ளிவிட்டு, "என்ன பிடிக்கணும், சொல்லு" என்றாள்.

அவள் ஒழுங்காகவே ஆரம்பித்தாள். பயிற்சியில் சொல்லிக்கொடுத்த வரிசைப்படி. முதலில் இறக்கைகளை ஒவ்வொன்றாகக் கையால் சுற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்டாள், ஒன்றிலும் உராய்வு இல்லை. மடக்குகிற கைகளின் மூட்டுகளை ஆட்டிப் பார்த்தாள். ஒன்று கோணினாலும் யந்திரம் ஒருபக்கம் இழுக்கும், ஆனால் ஆறும் கெட்டியாக இருந்தன. ரிமோட்டின் குச்சிகளை விட்டால் நடுவில் வந்து நிற்கின்றன. சர்வீஸ் கடைக்காரன் பொய் சொல்லவில்லை. மிச்சம் கம்பாஸ்தான்.

கம்பாஸ் என்பது யந்திரத்தின் தலையில் இருக்கிற சின்ன வில்லை. வடக்கு எது என்று அதுதான் சொல்லும். அதைச் சரிபார்க்க யந்திரத்தைக் கிடையாகப் பிடித்து ஒரு முழுச் சுற்று, மூக்கைக் கீழே காட்டி ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். ஓட்டுகிறவர்கள் இதைக் கம்பாஸ் சுத்துவது என்பார்கள். பெரிய யந்திரம் என்பதால் ஒருவர் இந்தப் பக்கமும் ஒருவர் அந்தப் பக்கமும் பிடித்துக்கொண்டு, நடுவில் இருக்கிறதை விடாமல், இருவருமே சுற்றி வர வேண்டும். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும்.

அவளும் கணவனும் முன்பெல்லாம் தோட்டத்து வரப்பிலேயேதான் சுற்றினார்கள். களை எடுக்கிற பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். "கல்யாணத்துல சுத்தினது பத்தலையா" என்று ஒருத்தி கேட்பாள், இன்னொருத்தி "விட்டுடாதே, இறுக்கிப் பிடி" என்பாள். அவளுக்கு அதெல்லாம் உறைக்காது. பெரியவருக்கு உறைத்தது. பட்டறையில் வந்து எவனோ சிரித்துவிட்டுப் போனானாம். "புருஷனும் பொண்டாட்டியும் நடு வயல்ல நின்னு கிறுகிறுன்னு சுத்தறீங்களாமே. நம்ம வீட்டு மானம் என்ன ஆவறது. எது செஞ்சாலும் முற்றத்துல வச்சு செஞ்சுட்டுப் போங்க. சுவரு எதுக்குக் கட்டியிருக்கேன்" என்றார். தங்கையின் பிரசவத்துக்காக அவள் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்த சமயம் அது. அவள் இல்லாத நாட்களில் மண் முற்றத்துக்கு வழவழவென்று சிமெண்டுத் தரை போட்டு வைத்திருந்தார்கள். சண்டைக்கு எதற்கு என்று அவளும் தலையாட்டினாள். அதன் பிறகு முற்றத்தில்தான் சுற்றினார்கள். கம்பாஸ் சரி என்று பச்சை விளக்கு எரியும், வேனில் ஏற்றிக்கொண்டு போவார்கள்.

அதன் பிறகுதான் யந்திரம் அவ்வப்போது மூக்கைத் திருப்ப ஆரம்பித்தது. காற்று என்று நினைத்தாள். விரலால் சரிசெய்துகொண்டே ஓட்டினாள். நினைத்தால் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"வழக்கமா எங்க நின்னு சுத்துவீங்க?" என்று கேட்டாள் ஓரகத்தி.

"கேட் பக்கம், இரும்புக் கேட்டை விட்டுப் பத்தடி தள்ளி. அன்னைக்கும் அங்கதான்."

இருவரும் சுற்றினார்கள். ஓரகத்திக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு மூச்சு வாங்கியது. "என்ன கனம் கனக்குது. இதையா தினம் தினம் சுத்தினே" என்றாள். பச்சை விளக்கு எரிந்தது. வேனில் ஏற்றி, ஊருக்கு வெளியே யாரும் விளையாடாத மைதானத்துக்கு ஓட்டிப் போனாள். மேகம் மூடியிருந்தாலும் காற்று இல்லை. ஒரு புல்கூட அசையவில்லை.

ஓரகத்தியை வேனுக்குப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு யந்திரத்தை மேலே எடுத்தாள். தொட்டி காலி என்பதால் சட்டென்று எழும்பியது. தலைக்கு மேல் போனதும் மூக்கு இடப்பக்கம் திரும்பியது. அவள் ஒன்றும் செய்யவில்லை. இரண்டு கட்டைவிரலையும் குச்சியிலிருந்து எடுத்து மேலே காட்டினாள்.

"அக்கா, என் கையைப் பாருங்க. நல்லாப் பாருங்க. நான் எதையாவது தொடறேனா?"

"தொடலடி. ஆனா அது சுத்துதே."

"சுத்துதுல்ல? தானாத்தானே சுத்துது?"

"தானாத்தான் சுத்துது. இறக்குடி முதல்ல, எனக்குப் பயமா இருக்கு."

இறக்கினாள். பிறகு மைதானத்தின் நடுவிலேயே, வேனை விட்டு நன்றாகத் தள்ளிப் போய், மறுபடி கம்பாஸ் சுற்றினார்கள். மாடு மேய்க்கிற ஆள் ஒருவன் நின்று பார்த்தான். ஓரகத்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "பாத்தா பாத்துட்டுப் போறான்" என்றாள். மறுபடி மேலே எடுத்தாள். யந்திரம் எழும்பியது, நின்றது. ஆணி அடித்து மாட்டினது மாதிரி அங்கேயே நின்றது. விரலை எடுத்தாள். அசையவில்லை. முன்னே போகச் சொன்னாள், கோடு கிழித்த மாதிரி போயிற்று. திரும்பி வரச் சொன்னாள், வந்தது.

அவளுக்குச் சந்தோஷம் வரவேண்டிய இடம் இது. வரவில்லை. கோபம்தான் வந்தது. யந்திரம் நல்லது, அவள் கையும் நல்லது. அப்படியானால் முற்றத்தில் என்னமோ இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் செல்போனில் திசை காட்டுகிற முள்ளைத் திறந்து தரையோரமாகப் பிடித்துக்கொண்டு, குனிந்தபடியே முற்றத்தில் நடந்தாள். கிணற்றுப் பக்கம் முள் வடக்கைக் காட்டியது. நாலடி தள்ளினால் கிழக்கே ஓடியது. கேட் பக்கம், அவர்கள் சுற்றுகிற இடத்துக்கு வந்ததும் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் கிறுகிறுத்தது.

"அக்கா, இந்தத் தரைக்குள்ள என்ன போட்டிருக்காங்க?"

ஓரகத்திக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளுத்துப் போயிற்று.

"கம்பி. பட்டறையில மிச்சம் கிடந்ததெல்லாம் கொண்டாந்து கட்டி, அது மேலதான் சிமெண்டு போட்டாங்க. கேட் பக்கம் வண்டி ஏறும்னு ரெட்டைக் கம்பி. லாரி ஏறினாலும் விரியாதுன்னு உங்க மாமா பெருமையாச் சொன்னாரு."

இரும்புக்குப் பக்கத்தில் கம்பாஸ் சுற்றக்கூடாது என்பது பயிற்சியில் முதல் பாடம். இரும்பு பக்கத்தில் இருந்தால் கம்பாஸ் அதையும் சேர்த்துத்தான் வடக்கு என்று மனப்பாடம் செய்துகொள்ளும். தோட்டத்துக்குப் போனதும் அங்கே இரும்பு இருக்காது, வடக்கு வேறெங்கோ இருக்கும், யந்திரம் அதைத் தேடிச் சுற்றும். அதனால்தான் அவள் முற்றத்தில் சைக்கிளைக்கூட நகர்த்திவைத்துவிட்டு, கேட்டை விட்டும் தள்ளி நின்று சுற்றுவாள். காலுக்குக் கீழே இரும்பு படுத்திருக்கும் என்று யார் கண்டார்கள்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பெரியவர் வந்தார். யந்திரம் இடம் மாறியிருப்பதைப் பார்த்து, "யாரு தொட்டது?" என்றார்.

"நான்தான் மாமா. வாங்க, ஒண்ணு காட்டறேன்." அவர் வரவில்லை என்றதும் போனைத் தரையில் வைத்து அவர் காலடிவரை இழுத்துவந்தாள். முள் இப்படியும் அப்படியும் ஓடியது. மைதானத்தில் நடந்ததையும் சொன்னாள். ஓரகத்தி கதவோரம் நின்று, "என் கண்ணால பாத்தேங்க. இவ கையே வைக்கல" என்றாள்.

பெரியவர் குழாயைத் திறந்து கை கழுவினார். நிதானமாகத்தான் கழுவினார். வேண்டாத பேச்சு என்றால் அவர் கையை நன்றாகத் தேய்த்துக் கழுவுவார்.

"கம்பி இல்லாம எவனாவது தரை போடுவானா?"

"கம்பி போட்டது தப்புன்னு யாரு சொன்னா. அது மேல நின்னு சுத்தச் சொன்னதுதான் தப்பு. வரப்புல நல்லாத்தான் சுத்திட்டிருந்தோம். மானம் போகுதுன்னீங்க."

"சரிம்மா. ஆனது ஆச்சு. இனிமே வேற எங்கயாவது சுத்திக்கங்க. நாளைக்கு மச்சினன் வந்தா அவன்கிட்டயும் சொல்லிடறேன்."

"ஆனது ஆச்சுன்னா என்ன அர்த்தம் மாமா? ஊரு பூரா நான்தான் வெட்டினேன்னு சொன்னீங்கல்ல. இப்ப இல்லன்னு யாரு சொல்றது? பட்டறைக்கு வர்றவங்ககிட்ட நீங்கதானே சொன்னீங்க, நீங்களே மாத்திச் சொல்லுங்க."

"என் வீட்டுத் தரைக்குள்ள என்ன கிடக்குன்னு நான் ஊருக்கு விளக்கம் சொல்லிட்டிருக்கணுமா?"

"ஆடத் தெரியாதவன்னீங்க. மேடைதான் மாமா கோணல். அந்த மேடையைப் போட்டதும் நீங்கதான்."

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் அவரிடம் இப்படிப் பேசியதில்லை. அவர் முகம் சிவந்துவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நான் மட்டுமா போட்டேன்? கம்பி கட்டினது பூரா உன் புருஷன். முழங்கால் போட்டு உக்காந்து ஒவ்வொரு முடிச்சா முறுக்கினவன் அவன். என்கிட்டப் பாயறியே, அவனைப் போய்க் கேளு."

அதைச் சொல்லும்போது அவருக்குத் தான் என்ன சொல்கிறோம் என்று தெரிந்திருக்காது. தப்பித்துக்கொள்ளக் கைக்கு அகப்பட்டதைச் சொன்னார். அவள் போனைத் தரையிலிருந்து எடுத்துக்கொண்டாள். பிறகு உள்ளே போனாள்.

கணவன் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கட்டுப்போட்ட கை தலையணை மேல் இருந்தது. எல்லாமே அவனுக்குக் கேட்டிருக்கிறது என்பது முகத்தில் தெரிந்தது.

"நீங்களா கம்பி கட்டினது?"

"அண்ணன் கூப்பிட்டாரு. கூட நின்னேன்."

"இரும்பு கிட்ட சுத்தக்கூடாதுன்னு பயிற்சியில சொன்னப்ப எனக்குப் பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க?" அந்தப் பயிற்சிக்கு இருவரும்தான் போனார்கள். யந்திரம் எதிர்முகமாக வந்தால் அவனுக்கு இடம் வலம் குழம்பிவிடும், அதனால் லைசென்ஸ் அவளுக்கு மட்டும் கிடைத்தது. பாடம் கேட்டது இரண்டு பேரும்தான்.

"ம்."

"முதல் தடவை முற்றத்துல சுத்தினோமே. அப்ப உங்களுக்கு ஞாபகம் வந்துச்சா, வரலயா? உண்மையைச் சொல்லுங்க."

அவன் ஜன்னலைப் பார்த்தான். "வந்துச்சு" என்றான்.

"வந்துச்சா?"

"அண்ணன் முற்றத்துலதான்னு சொல்லிட்டாரு. அவரை எதிர்த்து நான் என்னைக்குப் பேசியிருக்கேன். பச்சை விளக்கும் எரிஞ்சுது. சரி, ஒண்ணும் ஆகாதுன்னு விட்டுட்டேன்."

"அவரை எதிர்க்க வேணாம். என் காதுல சொல்லியிருக்கலாம்ல? எதிர்ல நின்னு அதைப் பிடிச்சுக்கிட்டுத்தானே சுத்தினீங்க."

"சொன்னா நீ சும்மா இருப்பியா? நேரா அவர்கிட்டப் போய் நிப்ப. வீட்டுல சண்டை."

"ஆஸ்பத்திரியில?"

"அப்ப வலி."

"வலி குறைஞ்சப்புறம்? அவர் முற்றத்துல நின்னு ஆடத் தெரியாதவன்னு சொன்னப்போ நீங்க இங்கதானே இருந்தீங்க? காது கேக்கலயா?"

"இனிமே சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு இருந்துட்டேன். கை திரும்பி வரவா போகுது." அவன் அவள் பக்கம் திரும்பினான். "நான் உன்னை ஒரு வார்த்தை குத்தம் சொன்னேனா? கண்ணைத் தொறந்ததும் விடுன்னுதானே சொன்னேன்."

அதைக் கேட்டபோதுதான் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. பெரியவர் செய்தது மூடத்தனம், ஜம்பம், அதற்குக் கோபப்பட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். இவன் மன்னித்தான். அவள் செய்யாத தப்பு என்று தெரிந்துகொண்டே பெரிய மனதாக அவளை மன்னித்தான். அவளும் அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுத கண்ணீரைத் திரும்ப வாங்க முடியுமானால் அந்த இடத்திலேயே வாங்கியிருப்பாள்.

"நல்லா மன்னிச்சீங்க" என்றாள். "ரொம்ப நல்லா மன்னிச்சீங்க."

அவள் போனை எடுத்துக் கோஸ் தோட்டக்காரரைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரைப் போட்டுக் கணவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். தோட்டக்காரர் எடுத்து, "யாரு, பைலட்டம்மாவா? கை எப்படி இருக்கு அவருக்கு?" என்றார்.

"அவரே பேசறாரு, கேளுங்க."

கணவன் போனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். கதவருகே பெரியவர் வந்து நிற்பதையும் பார்த்தான். பார்த்ததும் பார்வை தாழ்ந்துவிட்டது.

"கை பரவாயில்லீங்க" என்றான். "அன்னைக்கு வந்து... மெஷின்ல ஏதோ சின்னக் கோளாறு. அதான் அப்படி ஆயிடுச்சு."

"என்ன கோளாறு?"

"அது... சரியாத் தெரியல."

அவள் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"கோளாறு மெஷின்ல இல்லைங்க. எங்க வீட்டு முற்றத்துத் தரைக்குள்ள இரும்புக் கம்பி கிடக்கு. அது மேல நின்னு கம்பாஸ் சுத்த வச்சாங்க, அதான் தோட்டத்துல வந்து சுத்துச்சு. கம்பி இருக்கறது எனக்குத் தெரியாது. எங்க வீட்டுக்காரருக்குத் தெரியும், சொல்லல. இதை நீங்க யார்கிட்ட வேணாலும் சொல்லலாம். பால்கடையில சொன்னா ரொம்ப நல்லது."

கதவருகே பெரியவர் இருமினார். "போனை வைம்மா" என்றார். அவள் வைக்கவில்லை.

"சரிம்மா" என்றார் தோட்டக்காரர். "எனக்குப் புழு பாதித் தோட்டத்தைத் தின்னுடுச்சு. நாளைக்கு வேற ஒரு பையன் வரான்னு பெரியவர் சொன்னாரே, அவன் வரானா இல்லையா?"

"அவன் வரல" என்றது பின்னாலிருந்து ஓரகத்தியின் குரல். "வர வேணாம்னு நான் சொல்லிட்டேன்." பெரியவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்காமல் சாப்பாட்டுத் தட்டை எடுக்கப் போய்விட்டாள்.

"நான்தான் வரேன். காலையில வெயிலுக்கு முன்னாடி வந்துடறேன்" என்றாள் இவள் போனில்.

"நீ வந்தா எனக்கும் நிம்மதிதான். ஆனா உங்க வரப்புச் சுத்தலுக்கு ரெண்டு பேர் வேணுமே. அவர் கை ஆற வரைக்கும் யாரைக் கூட்டிட்டு வருவ?"

கணவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்துக்கொண்டேதான் போனில் பேசினாள்.

"வேற ஆள் கூட்டிட்டு வரேங்க. அவர் கை ஆறினாலும் வேற ஆளுதான்."